தாங்குவோரைத் தாங்குவது யார்?

நோயுற்றவரைத் தூக்குவது அறம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், நோயுற்றவரைத் தூக்கித் தூக்கித் தாமும் நோயாளியாகிப் படுக்கையில் வீழ்கின்றவரைத் தூக்குவது யார்? இந்த வினா எமது நாட்டில் எழவேண்டிய அளவுக்கு எழவில்லை. அதனை இன்று நாம் எழுப்புகின்றோம்.

வைத்தியசாலை விடுதிகளிலே தாதியரும் சிற்றூழியரும் அன்றாடம் செய்யும் வேலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கட்டிலிலே கீழே சரிந்துபோன நோயாளியை மேலே இழுக்கின்றனர். படுக்கைப் புண் வாராதிருக்க அவரைப் பக்கம் புரட்டுகின்றனர். கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கும், தள்ளுவண்டியிலிருந்து சத்திரசிகிச்சை மேசைக்கும், அங்கிருந்து மீண்டும் கட்டிலுக்கும் மாற்றுகின்றனர். மலசலகூடத்துக்கு அழைத்துச் செல்கின்றனர். தடுமாறி விழுந்தவரை நிலத்திலிருந்து எடுக்கின்றனர். பகலும் இரவும், ஆண்டுக்கு ஆண்டு, இதே வேலை. இதன் பயன் யாது? நாரி நோவு, தோள் நோவு, கழுத்து நோவு. ஈற்றில், நேரத்தோடு வேலையை விட்டு விலகிச் செல்லும் நிலை.

இதனை உலகம் எவ்வாறு நோக்குகின்றது? “தாதி வேலை என்றால் நாரி நோகத்தானே செய்யும்” என்று சிலர் அதனை விதியின் தலையிலே சுமத்துகின்றனர். “தூக்கத் தெரியாமல் தூக்கினால் வேறென்ன நடக்கும்?” என்று வேறு சிலர் காயமுற்றவர் மீதே குற்றத்தைச் சுமத்துகின்றனர். இரண்டும் பிழையென்பதே எமது துணிபு. இது விதியுமன்று, கவனக்குறைவுமன்று. வேலையை ஒழுங்கு செய்த முறையிலே உள்ள குறை. ஒழுங்கை வகுக்கும் அதிகாரம் எவர் கையில் உளதோ, குறையை நீக்கும் கடமையும் அவர் தலையிலேயே உளது.

மூட்டையும் மனிதரும்

எமது கமக்காரருக்குப் பாரம் தூக்குவதைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நெல்மூட்டையைத் தூக்குகின்றவர் முதலில் அதனை அணுகி நிற்கின்றார். இரு கைகளாலும் இறுகப் பற்றுகின்றார். உடலோடு அணைத்துப் பின் தோளிலோ முதுகிலோ ஏற்றுகின்றார். மூட்டை அசையாது, அஞ்சாது, நோகின்றது என்று கத்தாது. பாரம் மிகையெனில் இன்னொருவர் வரும் வரை அதனை அங்கேயே விட்டு வைக்கலாம்.

நோயாளியின் உடல் அத்தகையதன்று. அதற்குப் பிடி இல்லை. காயம் ஓரிடம், கட்டு ஓரிடம், குழாய் ஓரிடம். அணைத்துத் தூக்க முடியாதபடி கட்டிலின் அகலம் குறுக்கே நிற்கின்றது. ஆதலின் கைகளை நீட்டி, இடுப்பிலே குனிந்து, உடலை முறுக்கித் தூக்க வேண்டியதாகின்றது. நடுவிலே நோயாளி அச்சத்தினால் தாதியின் கழுத்தைக் கட்டிப் பிடிக்கலாம்; கால் தளர்ந்து திடீரெனச் சரியலாம். சரிகின்ற மூட்டையைக் கைவிடலாம். சரிகின்ற மனிதரை எந்தத் தாதி கைவிடுவாள்? அந்த ஒரு கணத்திலேதான் முதுகு முறிகின்றது.

துலாவின் கணக்கு

கையை நீட்டித் தூக்குவதனால் விளையும் தீங்கை விளங்கிக்கொள்ள எமது முன்னோர் நீரிறைத்த துலாவை நினைவிற் கொள்வது போதும். ஆடுகாலின் ஒரு புறம் நீண்ட துலா. மறுபுறம் குறுகிய அடிப்பாகம். நீண்ட புறத்திலே தொங்கும் சிறு பாரத்தைச் சமன் செய்யக் குறுகிய புறத்திலே பெரும் பாரம் வேண்டும். மனித உடலிலே முள்ளந்தண்டே ஆடுகால். முன்னே நீட்டிய கைகள் நீண்ட துலா. முள்ளந்தண்டுக்குப் பின்னே ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தூரத்தில் உள்ள முதுகுத் தசைகளே குறுகிய அடிப்பாகம்.

50 சென்ரிமீற்றர் முன்னே நீட்டிய கைகளில் 20 கிலோ பாரம் இருக்குமாயின், அதனைச் சமன் செய்ய முதுகுத் தசைகள் ஏறத்தாழ 200 கிலோவுக்கு ஈடான விசையோடு இழுக்க வேண்டும். குனிந்து நிற்கும் உடலின் பாரம் இதற்கு மேலதிகம். இவை யாவும் முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள மெல்லிய வட்டுகளையே நசுக்குகின்றன.

இங்கே இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த வட்டின் உட்பகுதியிலே நோவை உணரும் நரம்புகள் இல்லை என்றே கூறலாம். ஆகவே ஆரம்பத் தேய்வு நோவாகத் தெரிவதில்லை. ஆயிரம் முறை தூக்கியவர் ஆயிரத்தோராம் முறை ஒரு தலையணையை எடுக்கும்போது நாரி பிடித்து விழுகின்றார். பார்த்தவர், “தலையணை எடுத்தா முதுகு போனது?” என்று நகைக்கின்றனர். முதுகைக் கொண்டுபோனது தலையணையன்று. அதற்கு முன்னே தூக்கிய ஆயிரம் உடல்கள்.

பாரத்துக்கு எல்லை உண்டோ எனின், உண்டு. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்புக்கான தேசிய நிறுவனம் 1991இல் திருத்தியமைத்த கணக்கின்படி, எல்லா வசதிகளும் நன்கமைந்த நிலையில் ஒருவர் தூக்கத்தக்க உச்ச பாரம் 23 கிலோ. நோயாளரைத் தூக்குவதில் அந்த வசதிகள் அமைவதில்லையாதலின், இந்த வேலைக்கு ஏறத்தாழ 16 கிலோவே எல்லையென 2007இல் அந்நிறுவனத்தின் ஆய்வாளர் தோமஸ் வோட்டர்ஸ் எடுத்துக் காட்டினார். இப்பொழுது நீங்களே கணக்கிடுங்கள். 60 கிலோ எடையுள்ள நோயாளியை இருவர் தூக்கினால் ஒருவர் பங்கு 30 கிலோ. மெலிந்த உடலாயினும், இருவர் கைகொடுத்தாலும், எல்லை கடந்தே போகின்றது.

பயிற்சி மட்டும் போதுமா?

“முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து, பின் தூக்கு” என்று போதித்து விட்டால் கடமை முடிந்ததென நிருவாகத்தினர் பலர் எண்ணுகின்றனர். பயிற்சி வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆயின், அது மட்டும் போதாது என்பது ஆய்வு கண்ட முடிவு. 1999இல் ஒகாயோ அரசுப் பல்கலைக்கழகத்திலே வில்லியம் மாராஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், நோயாளரைக் கையால் தூக்கும் முறைகள் பலவற்றின்போது முள்ளந்தண்டின் மீது விழும் விசையை அளந்தனர். ஒருவர் தனியே தூக்கும் எந்த முறையும் ஆபத்தற்றதன்று. இருவர் சேர்ந்து தூக்கும்போதும் ஆபத்து நீங்கவில்லை. சரியாகத் தூக்கினாலும் தீங்கு உண்டெனின், “சரியாகத் தூக்கு” என்ற போதனை எவரைக் காக்கும்? நிருவாகத்தை வேண்டுமானால் குற்றச்சாட்டிலிருந்து காக்கும். தாதியின் முதுகைக் காக்காது.

மருந்து வேறிடத்தில் உளது. தூக்கும் வேலையையே இயன்றவரை நீக்குவதுதான் அது. நோயாளரைத் தூக்கும் பொறி, கட்டிலிலிருந்து கட்டிலுக்கு மாற்றும் வழுக்குப் பலகை, உராய்வின்றி இழுக்க உதவும் வழுக்குத் துணி, வேலை செய்பவரின் இடுப்பளவுக்கு உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய கட்டில், கைப்பிடி பொருத்திய மலசலகூடம் ஆகியவையே மருந்து. இவற்றோடு பயிற்சி சேர்ந்தால் பயன் உண்டு. இவை இல்லாத பயிற்சி, மண்வெட்டி கொடாது மண்ணை வெட்டக் கற்பிப்பது போன்றதே.

சட்டம் என்ன கூறுகின்றது?

தொழில் வழங்குபவரின் கடமை யாது என்பதை 1937இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை ஒரு நிலக்கரிச் சுரங்க வழக்கிலே தெளிவாக வரையறுத்தது. தகுதியுள்ள சக ஊழியரை அமர்த்துதல், போதிய கருவிகளை வழங்குதல், பாதுகாப்பான வேலை முறையை வகுத்து அது நடைபெறுகின்றதா என மேற்பார்த்தல் ஆகிய மூன்றுமே அக்கடமை. “இன்னாரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன்” என்று கூறி எசமான் அதிலிருந்து தப்ப முடியாது. உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் வழிவந்த எமது நாட்டு நீதிமன்றங்களை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது எனினும், அதன் நெறி எவ்விடத்தும் ஒப்பத்தக்கதே.

எமது நாட்டுச் சட்டப் புத்தகத்தைத் திறந்தால், தொழிலாளரின் பாதுகாப்புக்கு நெடுங்காலமாக முதன்மைச் சட்டமாக விளங்குவது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பொருள்களை ஆக்குவதும் மாற்றுவதும் திருத்துவதும் நடைபெறும் இடத்தையே அச்சட்டம் நோக்குகின்றது. ஆடை தைக்கும் ஆலை அதனுள் அடங்கும். மனித உயிரைப் பேணும் விடுதி அதனுள் அடங்காது. நூலைத் தொடுகின்ற கைக்கு உள்ள காவல் நோயாளியைத் தொடுகின்ற கைக்கு இல்லாதிருப்பது நீதியோ என நாம் வினவுகின்றோம்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தை எடுத்துக்கொண்டால், அதன் உயிர்நாடி “விபத்து” என்னும் சொல். வேலையின்போது, வேலை காரணமாக நேர்ந்த விபத்தினால் ஊறு விளைந்ததெனக் காட்ட வேண்டும். ஏணியிலிருந்து விழுந்தவருக்கு நாளும் நேரமும் உண்டு, சாட்சியும் உண்டு. பதினைந்து ஆண்டுகள் தூக்கித் தேய்ந்த முதுகுக்கு எந்த நாளைக் காட்டுவது? “வீட்டிலே தண்ணீர் சுமந்ததால் வந்த நோவாக இருக்கக்கூடும்” என்று எதிர்த்தரப்பு கூறினால், அதனை மறுத்து நிறுவுவது எளிதன்று. பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக விளையும் ஊறுக்குச் சட்டம் தெளிவான இடமளித்தாலன்றி, நீதி காகிதத்திலேயே நின்றுவிடும்.

உலகத் தொழில் அரங்கின் நிலை இதனினும் தெளிவானது. தாதியரின் வேலையினதும் சூழலினதும் தனித்தன்மைக்கேற்பத் தொழிற்பாதுகாப்புச் சட்டங்களைத் திருத்தியமைக்க முயலவேண்டுமெனச் சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1977ஆம் ஆண்டுத் தாதியர் உடன்படிக்கை கூறுகின்றது. 2022இல் அத்தாபனம், பாதுகாப்பான வேலைச் சூழலை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அதனை மதித்து மேம்படுத்தும் கடமை, உறுப்புரிமையின் காரணமாகவே எல்லா நாடுகளுக்கும் உண்டு. இலங்கை 1948 முதல் அத்தாபனத்தின் உறுப்பு நாடு. ஆகவே நாம் வேண்டுவது சலுகையன்று, உரிமையே.

ஒரே வீட்டின் இரு பெண்கள்

பிறநாடுகள் இத்துறையில் எவ்வளவு தூரம் சென்றுள்ளன என்பதை நாம் நூல்களிலே தேட வேண்டியதில்லை. எம்மவர் பலர் லண்டனிலும் மெல்பேணிலும் ரொறன்ரோவிலும் முதியோர் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் பணிபுரிகின்றனர். அவர்களைக் கேட்டால் போதும்.

பிரித்தானியாவிலே 1992ஆம் ஆண்டின் விதிகள் தொழில் வழங்குபவருக்கு மூன்று படிகளை வகுத்தன. ஆபத்தான தூக்குதலை நியாயமாக இயன்ற அளவு தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாததை ஆராய்ந்து மதிப்பிட வேண்டும். மதிப்பிட்ட ஆபத்தைக் குறைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலே 1998இல் தாதியர் சங்கமே முன்வந்து, நோயாளரின் முழுப் பாரத்தையும் கையால் தூக்குவதை ஒழிக்கும் கொள்கையைப் பிரகடனஞ் செய்தது. மாநில அரசு கருவிகளுக்குப் பொருளுதவி அளித்தது. முதுகுக் காயங்களுக்கான நட்டஈட்டுக் கோரிக்கைகள் குறைந்தன. அமெரிக்காவிலே 2005இல் டெக்சாஸ் மாநிலமும், 2006இல் வாஷிங்டன் மாநிலமும், 2011இல் கலிபோர்னியா மாநிலமும் இதற்கெனச் சட்டம் இயற்றின. ஆபத்தெனத் தாம் நேர்மையாக நம்பும் தூக்குதலை மறுக்கும் தாதிக்குக் கலிபோர்னியச் சட்டம் தண்டனையிலிருந்து காவல் அளிக்கின்றது.

ஒரே வீட்டிற் பிறந்த சகோதரிகள் இருவரை எண்ணிப் பாருங்கள். மூத்தவள் லண்டனிலே முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கின்றாள். எழுந்து நிற்க முடியாத ஒருவரைப் பொறியின்றித் தூக்குமாறு அவளைப் பணிப்பவர் சட்டத்துக்கு விடை கூற வேண்டும். இளையவள் இங்கே வைத்தியசாலை விடுதியொன்றில் வேலை செய்கின்றாள். அவளோ வெறுங்கையால் தூக்குகின்றாள். இருவர் முதுகெலும்பும் ஒரே தாய் தந்ததே. ஒன்றுக்கு விலை உண்டு, மற்றதற்கு விலை இல்லை என்று எந்த நீதி கூறும்?

மறுப்புகளுக்கு விடை

“பணம் எங்கே?” என்பது முதல் மறுப்பு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நாட்டின் நிலையை நாமும் அறிவோம். அந்நெருக்கடியின் பின் மருத்துவத்துறையினர் பலர் கடல்கடந்து சென்றதையும் அறிவோம். எஞ்சியுள்ள ஊழியரின் உடலைக் காப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமோ? பயிற்றப்பட்ட தாதி ஒருத்தி நாரி முறிந்து வீட்டிலிருந்தால், அவளைப் பயிற்றிய செலவு வீணாகின்றது. அவளுடைய வேலை மற்றவர் தோளில் ஏறி அவர்களையும் முறிக்கின்றது. மேலும், எல்லாக் கருவியும் விலையுயர்ந்தவையல்ல. வழுக்குத் துணியும் வழுக்குப் பலகையும் எளிய பொருள்கள். கட்டிற் சில்லுகளின் பிறேக்கைத் திருத்துவதற்கும் மலசலகூடச் சுவரில் ஒரு கைப்பிடியைப் பொருத்துவதற்கும் கோடிகள் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

“சேவை என்பது தியாகம் அன்றோ?” என்பது இரண்டாவது மறுப்பு. தியாகம் ஒருவர் தாமே விரும்பி அளிப்பது. மாதச் சம்பளத்துக்கு வந்தவரிடம் அவருடைய முள்ளந்தண்டையும் சேர்த்துக் கேட்பது தியாகமன்று, சுரண்டல். பெரும்பான்மையும் பெண்களாகிய தாதியரிடமும், குரலெழுப்ப அஞ்சும் சிற்றூழியரிடமுமே இத்தியாகம் மிகுதியாகக் கேட்கப்படுகின்றது என்பதையும் கவனியுங்கள்.

“பொறியினால் தூக்கினால் நோயாளியின் மதிப்பு என்னாவது?” என்பது மூன்றாவது மறுப்பு. இது மதிக்கத்தக்க வினா. 2003இல் இங்கிலாந்தின் மேல் நீதிமன்றிலே, கடும் ஊனமுற்ற இரு சகோதரிகளைக் கையால் தூக்கக்கூடாதென்ற உள்ளூராட்சி நிருவாகத்தின் கொள்கை வழக்காக வந்தது. தூக்குதலை முற்றாகத் தடைசெய்யும் பொது விதி சட்டத்துக்கு ஒவ்வாதென நீதியரசர் மன்பி தீர்ப்பளித்தார். ஊனமுற்றவரின் மானமும் உரிமை. ஊழியரின் உடற்பாதுகாப்பும் உரிமை. ஒன்று மற்றதனைத் தானாகவே விழுங்க முடியாது. ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து சமன்காண வேண்டும். இதுவே எமது நிலைப்பாடும். இரு தரப்பினரும் பகைவரல்லர். நோவுள்ள தாதியின் நடுங்கும் கைகளினின்றும் நழுவி விழும் நோயாளியின் மானத்தை எவர் காப்பார்?

எமது மாகாணங்களில் இவ்வினா இன்னும் கூர்மையானது. 2009இல் முடிந்த போரிலே முள்ளந்தண்டில் காயமுற்று, இடுப்பின் கீழ் உணர்விழந்தோர் வன்னியிலே இன்றும் வாழ்கின்றனர். அவர்களைத் தூக்குவோர் பெரும்பாலும் மனைவியரும் தாய்மாரும். பிள்ளைகள் கடல்கடந்து சென்ற வீடுகளிலே முதிய கணவனை முதிய மனைவியே தூக்குகின்றாள். வைத்தியசாலைக்கு ஒரு சட்டம் வந்தால், அதன் அறிவும் கருவியும் இவ்வீடுகளுக்கும் வந்து சேர வேண்டும்.

நாம் வேண்டுவன

முதலாவது, நோயாளரைத் தூக்குதலும் இடம் மாற்றுதலும் பற்றிய தனி விதி சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அரசாங்க வைத்தியசாலை, தனியார் வைத்தியசாலை, முதியோர் இல்லம் யாவற்றையும் அது கட்டுப்படுத்த வேண்டும். ஆபத்தான தூக்குதலை மறுப்பவரைத் தண்டிக்கலாகாது.

இரண்டாவது, விடுதிதோறும் குறைந்தபட்சக் கருவிகள் இன்னவையென வரையறுத்து, அவற்றுக்கு வரவு செலவுத் திட்டத்தில் தனியே பணம் ஒதுக்க வேண்டும். போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், ஆதார, பிரதேச வைத்தியசாலைகள் மாகாண நிருவாகத்தின் கீழும் இருப்பதனைக் காட்டி ஒருவர் மற்றவர்மீது பழிபோட இடமளிக்கலாகாது.

மூன்றாவது, காயங்கள் பதியப்பட வேண்டும். எண்ணப்படாத துன்பம் எந்த மந்திரியின் மேசைக்கும் வாராது. சிறிது சிறிதாக விளையும் ஊறும் நட்டஈட்டுக்கு உரியதெனத் தெளிவாக்கப்பட வேண்டும்.

நான்காவது, பயிற்சியும் கைநூலும் ஊழியரின் மொழியில் அமைய வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலைத் தமிழில் ஆக்கினார். அந்நியர் ஒருவர் அன்று செய்ததை, தமிழும் அரச கரும மொழியாகிய இந்நாட்டில் அரசாங்கம் இன்று செய்ய முடியாதோ?

வாசகர்களே, அரசாங்கம் தானாக விழிக்கும் வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தக் குடிமகனுக்கும் வினவும் உரிமையைத் தந்துள்ளது. காரணம் கூற வேண்டியதில்லை. 14 வேலைநாட்களுக்குள் கோரிக்கை மீது முடிவு தரப்பட வேண்டும். உங்கள் ஊர் வைத்தியசாலையிலே நோயாளரைத் தூக்கும் பொறிகள் எத்தனை? அவற்றுள் இயங்குவன எத்தனை? சென்ற ஐந்து ஆண்டுகளில் தூக்குதலினால் காயமுற்ற ஊழியர் எத்தனை பேர்? இம்மூன்று வினாக்களையும் தமிழிலே எழுதி அனுப்புங்கள். ஆசிரியர்களும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் இதற்கு முன்னிற்க வேண்டும். கமக்காரர் அமைப்புகளும் சனசமூக நிலையங்களும் துணைநிற்க வேண்டும். வரும் விடைகளைத் திரட்டி மாவட்டந்தோறும் மக்கள் முன் வைப்போம். விடை வாராத இடங்களின் பெயரையும் வைப்போம்.

நாம் நோயுறும் நாளிலே எம்மைத் தூக்க வரும் கைகள் வலுவோடு இருக்க வேண்டுமெனின், இன்று அவற்றின் பக்கம் நாம் நிற்க வேண்டும். வினாவை எழுதத் தொடங்குங்கள்.